கடலுக்குப் போகுமுன் காலண்டரைப் பாருங்கள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

தீபாவளி விடுமுறை நெருங்கிவிட்டது. நாகர்கோவில் வண்டியில் இடம் கிடைக்காதவர்கள், இந்த முறை ஊருக்கு வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கடலுக்குப் போகலாமா?" மும்பையில் இருக்கும் நமக்குக் கடல் தூரமில்லை. கேட்வேயில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா, அங்கிருந்து பஸ்ஸில் அலிபாக். இன்னும் கீழே போனால் காஷித், முருட், திவேஆகர், ஹரிஹரேஷ்வர். கூட்டிக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கடற்கரையைப் போல ஒரு விளையாட்டு மைதானத்தை யாராலும் கட்டித்தர முடியாது.

ஆனால் பையில் துணியை அடுக்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். விடுமுறை எந்தத் தேதி என்று பார்ப்பதற்காக அல்ல, அன்று என்ன திதி என்று பார்ப்பதற்காகச் சொல்கிறேன். திதி என்பது நிலாவை வைத்து எண்ணும் நாள்; கடல் ஏறுவதும் வற்றுவதும் நிலாவைப் பொறுத்ததுதான். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இந்தத் திதியையும் கடலின் ஏற்றவற்றத்தையும் பற்றித்தான்.

நான் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது திருச்செந்தூர்ப் பக்கம். கடல் எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்க் கடலில் அலை பெரிதாக அடிக்கும். ஆனால் காலையில் பார்த்த கரை மாலையிலும் அநேகமாக அதே இடத்தில்தான் இருக்கும். நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு ஆளின் இடுப்பளவுகூட வராது. சென்னை மெரினாவிலும் சுமார் ஒரு மீட்டர்தான். அந்தப் பழக்கத்தோடுதான் நான் கல்யாணமாகி மும்பைக்கு வந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் வந்திருப்போம்.

இங்கே உள்ள கடல் வேறு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் மும்பையில் நீர்மட்டம் நான்கு மீட்டர் வரை, சில நாள் அதற்கு மேலும் ஏறி இறங்கும். மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றம் வரும் நாட்களைப் பத்திரிகைகளில் போடுகிறார்களே, படித்திருப்பீர்கள். நான்கு மீட்டர் என்றால் வீட்டின் ஒரு தளத்தை விட உயரம். இன்னும் வடக்கே குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பாவ்நகர் பக்கம் போனால் பத்து மீட்டரையும் தாண்டும். மராத்தியில் ஏற்றத்தைப் பர்த்தி என்பார்கள், வற்றத்தை ஓஹோட்டி என்பார்கள். ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஏறும், அதே அளவு நேரம் இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது.

ஒரு குடத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அடியில் கிடக்கும். அதையே ஒரு தாம்பாளத்தில் ஊற்றிப் பாருங்கள், ஓரம் வரை ஓடிவிடும். அலிபாக் போன்ற கரைகள் தாம்பாளம் மாதிரித் தட்டையானவை. நீர் கொஞ்சம் உயர்ந்தாலும் வெகுதூரம் பரவிவிடும். நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்த இடம் ஒன்றரை மணி நேரத்தில் கடலாகியிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு நான்கு. இதேபோல் தீபாவளி விடுமுறை. பாவ்பீஜ் அன்று, வட இந்தியர்கள் பாய் தூஜ் என்கிறார்களே, அந்த நாளில் அலிபாக்கில் இருந்தோம். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஒரு கோட்டை தெரியும். குலாபா கோட்டை. நம் மும்பைக் கொலாபா வேறு, இது வேறு. மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே இருந்து ஆண்ட இடம். ராய்கட் மாவட்டத்துக்கே 1981 வரை கொலாபா மாவட்டம் என்றுதான் பெயர்.

வற்றத்தின்போது அந்தக் கோட்டைக்கு நடந்தே போகலாம். குதிரை வண்டியும் போகும். காலை எட்டரை மணிக்கு நாங்கள் நடந்தோம். பாதி வழியில் கணுக்கால் அளவு தண்ணீர், அவ்வளவுதான். பிள்ளைகள் தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டே வந்தார்கள். உள்ளே போனால் பார்க்க நிறைய இருக்கிறது. பிள்ளையார் கோவில் இருக்கிறது. சக்கரம் வைத்த இரண்டு பெரிய பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. நாலாபுறமும் உப்புநீர் சூழ்ந்த கோட்டைக்குள்ளே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு! பையன் அந்தக் கிணற்றை விட்டு வரமாட்டேன் என்கிறான். "அம்மா, கடலுக்குள்ளே எப்படி உப்பில்லாத தண்ணீர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். எனக்கும் சந்தோஷம், ஆசிரியை அல்லவா, நின்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்ப வாசலுக்கு வந்தபோது மணி பத்தேகால். வந்த வழி இல்லை. வழி இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அலை ஒன்றும் பெரிதாக இல்லை, சத்தமும் இல்லை. பெரியவர்களுக்குத் தொடை அளவு வந்துவிட்டது. நான்கு வயதுப் பெண்ணுக்கு அது தலைக்கு மேல். எங்களைப் போலவே இன்னும் நாலைந்து குடும்பங்கள் நின்றன. ஒருவர் பொறுக்காமல் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். முப்பது நாற்பது அடி போவதற்குள் இடுப்பு வரை தண்ணீர். பக்கவாட்டில் இழுக்கிறது, கால் நிற்கவில்லை. அவருடைய மனைவி கோட்டை வாசலில் நின்று கத்துகிறாள். உள்ளூர்க்காரர் இருவர் ஓடிப்போய்க் கையைக் கோத்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். அந்தக் குழந்தையின் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அது அழவில்லை. அப்பாவின் தலைமுடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது.

நாங்கள் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். கையில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் பிஸ்கட். நல்ல ஏற்றம் வந்த பிறகு படகு வந்தது. அதில் கரை சேர்ந்தோம்.

மும்பை திரும்பிய பிறகு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கோளி அம்மாளிடம் இதைச் சொன்னேன். கோளி என்பது இங்குள்ள மீனவ சமூகம். மாவ்ஷி, அதாவது சித்தி என்றுதான் அந்த அம்மாளைக் கூப்பிடுவோம். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் வீட்டில் பஞ்சாங்கம் இல்லையா, தாயி? துவிதியை அன்று ஒன்றரை மணிக்குப் பர்த்தி. பத்து மணிக்கு யாராவது உள்ளே நிற்பார்களா?" எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்குதான் நான் இன்றைக்கு உங்களுக்குக் கொடுக்கப் போவது. பென்சில் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

திதியை முக்காலால் பெருக்குங்கள். வருவதுதான் ஏற்றம் உச்சிக்கு வரும் மணி.

நம் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முக்கால் வாய்ப்பாடு சொன்னார்களே, அதேதான். ஒரு முக்கால் முக்கால், இரு முக்கால் ஒன்றரை, மும்முக்கால் இரண்டேகால், நான்கு முக்கால் மூன்று. துவிதியை இரண்டாவது திதி, ஆகவே ஒன்றரை மணி. சதுர்த்தி நான்காவது, மூன்று மணி. அஷ்டமி எட்டாவது, ஆறு மணி. ஏகாதசி எட்டேகால். பௌர்ணமியும் அமாவாசையும் பதினைந்து, ஆகவே பதினொன்றேகால். வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும் பிரதமையிலிருந்து எண்ண வேண்டும். வந்த மணி இரவுக்கும் பொருந்தும், பகலுக்கும் பொருந்தும். சதுர்த்தி என்றால் அதிகாலை மூன்று மணி சுமாருக்கு ஒரு ஏற்றம், பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், காலை ஒன்பது மணி வாக்கில், வற்றம்.

மறுபடி சொல்கிறேன், புதிதாகக் கேட்பவர்களுக்காக. திதியை முக்காலால் பெருக்கினால் ஏற்றம். அதோடு ஆறேகால் மணி நேரம் கூட்டினால் வற்றம்.

இது மும்பைக்கும் அதை ஒட்டிய கொங்கணக் கரைக்கும் உரிய கணக்கு. ஊருக்குப் போய்த் திருச்செந்தூரிலோ சென்னையிலோ இதைப் போட்டுப் பார்க்காதீர்கள், அங்கே பொருந்தாது. இங்கேயும் அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம்கூட முன்பின் ஆகும். காலண்டரில் "சதுர்த்தி காலை 9.40 வரை, பின்பு பஞ்சமி" என்றெல்லாம் போட்டிருப்பார்கள்; ஒரே நாளில் இரண்டு திதி வருவதாலும் கணக்கு சற்று நகரும். ஆகவே போக வேண்டிய நாளை முடிவு செய்ய இந்தக் கணக்கு போதும். கோட்டைக்கு நடக்கிறீர்கள், பாறைக்குப் போகிறீர்கள் என்றால் அன்றைய நேரத்தைச் சரியாகப் பார்த்துவிடுங்கள். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இணையத்தில் தருகிறது. கரையில் இருக்கும் மீனவரைக் கேட்டாலும் சொல்வார்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று எங்களை ஏமாற்றியது அதுதான். நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்குதான் ஏறும், இரண்டாவது மணியில் இரண்டு. மூன்றாவது மணியில் மூன்று, நான்காவது மணியில் மூன்று. பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது மொத்த ஏற்றத்தில் பாதி, நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடும். முதல் மணியில் பார்த்துவிட்டு, "ஒன்றும் ஏறவில்லையே" என்று நாம் உட்கார்ந்திருப்போம். நாங்கள் அப்படித்தான் இருந்தோம். அன்று வற்றம் ஏழேகால், ஏழரை. நாங்கள் வெளியே வந்தது மூன்றாவது மணியில்.

சரி, இந்த விடுமுறைக்கு எந்த நாள் நல்லது? தீபாவளிக்கு மறுநாள் ஓடாதீர்கள். அமாவாசையை ஒட்டி நீர் மிக அதிகமாக ஏறி இறங்கும் நாட்கள் அவை. மீனவர்கள் உதாண் என்பார்கள். என் கணக்கில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது சதுர்த்தியும் பஞ்சமியும். காலை ஒன்பது, ஒன்பதே முக்கால் வாக்கில் வற்றம். ஏழரைக்குக் கரைக்குப் போனால் பத்து வரை விளையாடலாம். நீர் விலகிப்போன அகலமான, கெட்டியான ஈர மணல் கிடைக்கும். வெயில் ஏறும்போது அறைக்கு வந்துவிடலாம். சஷ்டியன்று வீடு திரும்பினால் செம்பூர் சேடா நகர் முருகனையும் பார்க்கலாம்.

வற்றத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈர மணலில் கடுகு, மிளகு அளவில் ஆயிரக்கணக்கான மணல் உருண்டைகள் கிடக்கும். நடுவில் ஒரு சின்ன வளை, அதைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல் வரிசை வரிசையாக உருண்டைகள். விரல் நகத்தை விடச் சிறிய நண்டின் வேலை அது. மணலை வாயில் எடுத்து, அதில் உள்ள நுண்ணிய உணவைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் போட்டுவிடும். அசையாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நண்டு வெளியே வரும். ஐந்து வயதுப் பிள்ளை ஐந்து நிமிடம் அசையாமல் இருக்குமா என்று கேட்காதீர்கள், இருக்கும். போன மே மாதம் என் பேத்தி இருந்தாள். மறுநாள் காலை போய்ப் பார்த்துவிட்டு, "பாட்டி, கடல் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது, நண்டு திரும்பப் போட்டிருக்கிறது" என்றாள். ஏற்றம் வற்றம் என்று நான் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால்தான் ஒரே கரையில் இரண்டு மூன்று நாள் இருங்கள் என்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கடற்கரை என்று காரில் சுற்றினால் பிள்ளைகளுக்கு வாந்திதான் மிஞ்சும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். சாப்பாடு, வெயில், மருந்து பற்றியெல்லாம் குறித்து வைத்திருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது பெரியவர் கரைப் பக்கம் நிற்கக் கூடாது. கடலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்க வேண்டும், கை எட்டும் தூரத்தில். அந்த நேரத்தில் கைபேசி பையில் இருக்கட்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விடாதீர்கள். இந்த அரை மணி அப்பா, அடுத்த அரை மணி சித்தி என்று ஆள் சொல்லி வையுங்கள். நீர் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் முழங்காலுக்கு மேல் போக விடாதீர்கள், உள்ளே இழுக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், செத்ததுபோல் இருந்தாலும் தொட விடாதீர்கள். தொப்பியும் பருத்தி முழுக்கைச் சட்டையும் போதும். குடிதண்ணீர் நினைத்ததை விட இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மணலை ஈரத்தோடு தேய்க்காதீர்கள், தோல் எரியும்; காயவிட்டுக் கொஞ்சம் பவுடர் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும். படகில் வாந்தி வரும் பிள்ளைக்குப் போகும்போது…

நேரம் முடிந்துவிட்டது. திதியை முக்காலால் பெருக்குங்கள். வணக்கம்.