முதல் துளையை யார் குத்தினார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கிற அன்புக்குரியவர்களே, வெக்கை குறையாத இந்த மாலையிலும் பாய் விரித்து முன்னால் இருக்கிற அம்மாமாரே, மதிலோடு சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றபடியே கேட்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

உடலில் பச்சை குத்துவதும் புதிதாகத் துளையிடுவதும் வளர்ந்த பிள்ளையின் முடிவா, குடும்பத்தின் முடிவா? இதுதான் தலைப்பு. வளர்ந்த பிள்ளையின் முடிவுதான் என்று பேச வந்திருக்கிறேன். நானும் ஒரு தாய். என் மகனுக்கு 23 வயது. அவனுடைய கையில் பச்சை இருக்கிறது. அதை முதன்முதலில் பார்த்த அன்று நான் அழுதேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய ஐயா ஒரு கேள்வி கேட்டார். "தாய் தகப்பன் தந்த உடம்பிலை கீறவும் துளைக்கவும் இவைக்கு ஆர் உரிமை குடுத்தது?" நல்ல கைதட்டலும் கிடைத்தது. அதே கேள்வியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து நான் கேட்கிறேன். ஐயா, இந்தப் பிள்ளைகளின் உடம்பில் முதல் துளையைக் குத்தியது யார்?

நாங்கள்தான். என் மகளுக்குப் 11ஆம் மாதத்தில் காது குத்தினோம். ஒற்றைப்பட்ட மாதமும் நல்ல நாளும் பார்த்து, பொன்வேலை செய்கிற பத்தரை வீட்டுக்கு அழைத்து, என் அண்ணாவின் மடியில் பிள்ளையை இருத்தினோம். தலை அசையாமல் பிடித்தது நான். பத்தர் பொன்கம்பியைச் சோணையில் ஏற்றியபோது அவளுக்கு ஒரு கணம் மூச்சே நின்றுபோனது, பிறகுதான் வீரிட்டுக் கத்தினாள். சுற்றி நின்ற நாங்கள் சிரித்தோம், படம் எடுத்தோம், பலகாரம் சாப்பிட்டோம். அது பிழை என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் விறாந்தையில் தொங்குகிறது. ஆனால் அன்றைக்கு அவளிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை.

அதே பிள்ளை 21 வயதில், தான் உழைத்த காசில், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குப் போய்க் காதின் மேல்பக்கத்தில் இன்னொரு துளை போட்டுக்கொண்டு வந்தாள். படலையடியிலேயே நான் கத்தினேன். "ஆரைக் கேட்டுக் குத்தினாய்?"

நோகிறதா என்று கேட்கவில்லை. ஏன் ஆசைப்பட்டாய் என்றும் கேட்கவில்லை. ஆரைக் கேட்டாய் என்பதுதான் வாயில் வந்தது. அன்று இரவு படுத்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது, துளை எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல, எங்களைக் கேட்காமல் விழுந்த துளைதான் புதிது. நடுவர் அவர்களே, இந்த வழக்கே அதுதான் என்று நினைக்கிறேன். பண்பாடு, கௌரவம், ஊர் என்ன கதைக்கும் என்று நாங்கள் அடுக்குகிற எல்லாவற்றுக்கும் அடியில் "என்னைக் கேட்கவில்லையே" என்ற நோவுதான் கிடக்கிறது.

சரி, பண்பாட்டுக்கு வருவோம். ஆம்பிளைப் பிள்ளை தோடு போடுவது எங்கள் வழக்கமா என்று எதிரணி கேட்டது. எங்கள் சைவப்பிள்ளைகள் பாடமாக்குகிற முதல் தேவாரம் "தோடுடைய செவியன்" என்று தொடங்குகிறது. சம்பந்தருடைய முதல் பதிகத்தின் முதல் சொல்லே தோடு. அது கிடப்பது சிவபெருமானின் காதில். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. என் அப்பப்பாவின் பழைய படத்தில் அவர் குடுமியும் கடுக்கனுமாக இருக்கிறார். அவரை ஊரில் பெரிய மனிசர் என்றார்கள். அவருடைய கொள்ளுப்பேரன் ஒரு மிளகளவு தோடு போட்டால் காவாலி என்கிறார்கள், வாள்வெட்டுக் கூட்டத்தோடு திரிகிறானோ என்று கேட்கிறார்கள். வாள்வெட்டு இந்த ஊரை எவ்வளவு பயப்படுத்தியது என்பது எனக்கும் தெரியும். அதற்காகக் காதில் தோடு கிடக்கிற ஒவ்வொரு பெடியனையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

பச்சையும் அப்படித்தான். என் அம்மம்மாவின் முன்கையில் ஒரு சின்னக் கோலம் இருந்தது. ஊரூராய் வந்த குறத்தி ஒருத்தி, மஞ்சளையும் அகத்தியிலையையும் துணியில் சுற்றி எரித்த கரியைத் தண்ணீரில் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தியது என்று சொல்லுவார். வயது போகப்போக அது பச்சை நிறமாய்ப் பரந்து, கோலத்தின் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சின்ன வயதில் அதை விரலால் தடவித் தடவித்தான் நான் நித்திரையாவேன். ஆனால் வசதியான வீடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அம்மம்மா சேலைத் தலைப்பை இழுத்து அந்தக் கையை மூடிக்கொள்ளுவார். பச்சை குத்தியவர்களை அங்கே குறைந்த ஆட்கள் என்று பார்த்தார்கள். எதிரணி நண்பர்களே, பச்சை எங்கள் பண்பாடு இல்லை என்று சொல்லும்போது, எந்த வீட்டின் பண்பாட்டைச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். வயலிலும் தோட்டத்திலும் வெயில் காய்ந்த எங்கள் பெண்களின் கைகளில் இருந்தது யாருடைய பண்பாடு?

நல்லூர்த் திருவிழாவில் 25 நாளும் நிற்கிறோம். தேர் அன்று வீதியில் தூக்குக் காவடி வருகிறது. முதுகிலும் காலிலும் செடில் என்கிற கொக்கிகளைக் குத்தி, உழவு இயந்திரத்தின் முன்னால் கட்டிய மரத்தில் ஒரு பெடியன் தொங்கிக்கொண்டு வருகிறான். கன்னத்தில் அலகு. நாங்கள் கும்பிடுகிறோம். தாய்மார் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தத் தழும்பு அவனோடு கடைசிவரை இருக்கும். பக்தியையும் அலங்காரத்தையும் ஒன்றாக்காதே என்று சொல்வீர்கள். நான் ஒன்றாக்கவில்லை. அந்தப் பெடியன் தன் உடம்பில் அவ்வளவையும் தாங்குவது அவனுடைய நேர்த்தி, அவனுடைய முடிவு என்று மதிக்கிறோம் அல்லவா, அந்த மதிப்பைத்தான் கேட்கிறேன். அதே வீதியால் மேற்சட்டை கழற்றிக் கோயிலுக்குள் போகிற இன்னொரு பெடியனின் தோளில் வேலும் மயிலும் பச்சையாய்த் தெரிந்தால் ஏன் பின்னால் நின்று குசுகுசுக்கிறோம்?

அதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் திருவிழாவுக்கு வருகிற பிள்ளைகளின் கழுத்திலும் கையிலும் எவ்வளவு பச்சை! "அது அங்கத்தைய பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம். மருமகளாகவும் எடுக்கிறோம். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைக்கு மட்டும் "ஆர் உன்னைக் கட்டுவினம்?" என்ற கேள்வி. கலியாணப் பேச்சைப் பற்றி நான் இதற்குமேல் பேசப்போவதில்லை. கையில் இருக்கிற கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற சம்பந்தம் போகட்டும்.

இனி நான் சொல்லப்போவது எதிரணிக்குச் சாதகமாகவும் போகலாம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பெற்றோர் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்? போர் நடந்த 1990களின் கடைசியில் என் அண்ணாவுக்கு இருபது வயது. வேலி அடைக்கும்போது முள்ளுக்கம்பி கிழித்து, அவருடைய முன்கையில் நீளமாய் ஒரு தழும்பு. இராணுவச் சோதனைச்சாவடியில் மறிக்கும்போது கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். இது எங்கே வந்தது, என்ன பயிற்சி எடுத்தாய், ஆர் ஆரைத் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு இருந்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவன் தலையை அசைத்தால் கதை முடிந்தது. ஒரு தழும்புக்காக அண்ணாவை ஒரு பகல் முழுக்க இருத்திவைத்தார்கள். அன்றிலிருந்து அப்பா அவருக்கு நீளக்கைச் சட்டை மட்டும்தான் தைப்பித்தார். சித்திரை வெயிலிலும் நீளக்கை. உடம்பில் அடையாளம் இல்லாத பிள்ளைதான் வீட்டுக்குத் திரும்பி வரும் பிள்ளை என்று நம்பி, ஒரு தலைமுறைத் தகப்பன்மார் இந்த ஊரில் நித்திரை இல்லாமல் இருந்தார்கள்.

அவர்களுக்குப் பிள்ளையின் கையில் ஒரு கோட்டைக் கண்டால் நெஞ்சு இடிக்கத்தான் செய்யும். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தைப் பயம் என்று பிள்ளையிடம் சொன்னோமா? இல்லை. ஒழுக்கம், குடும்ப மானம் என்று வேறு பெயர்களைச் சொல்லிக் கத்தினோம். பிள்ளைக்கு எங்கள் கதை தெரியாது, கத்தல் மட்டும்தான் தெரியும். என் மகனுக்குத் தன் மாமா ஏன் இன்றைக்கும் கட்டைக்கைச் சட்டை போடுவதில்லை என்பது 22 வயதுவரை தெரியாது.

உடல்நலம் பற்றி மருத்துவம் தெரிந்த தங்கை ஒருவர் எதிரணியில் பேசினார். அவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஊசி மையை உள்தோலில் வைக்கிறது. அங்கே எங்கள் உடம்பின் காவல் கலங்கள் அந்த மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு கலம் செத்தால் அது விட்ட மையை அடுத்த கலம் விழுங்குகிறது. 2018இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். அதனால்தான் அழிக்க நினைத்தால் லேசரில் பலமுறை போய்வர வேண்டியிருக்கிறது, நோவும் செலவும் அதிகம். சுத்தமில்லாத ஊசியால் ஈரலழற்சி பி, சி வரலாம். இரத்ததானம் செய்கிறவர்கள் குத்தியபின் காத்திருக்க வேண்டும், பிரித்தானியாவில் 4 மாதம், இந்தியாவில் 12 மாதம். காதுச் சோணை சில கிழமைகளில் ஆறும், மேலே குருத்தெலும்பு ஆறப் பல மாதம் எடுக்கும். எல்லாம் உண்மை.

இதெல்லாம் ஒரு பிள்ளை குத்துவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விசயம். அதை யாரிடம் கேட்பாள்? என் மச்சாளின் மகள் குருத்தெலும்பில் குத்தினாள். மூன்றாம் நாளே வீங்கிச் சீழ் வைத்தது. தாய்க்குத் தெரிந்தால் அடி விழும் என்று தலைமயிரை விரித்துவிட்டு ஒன்பது நாள் மறைத்தாள். காய்ச்சலில் விழுந்த பிறகுதான் ஆசுப்பத்திரி. கிருமி தொற்றியது கடையிலாக இருக்கலாம். அந்த ஒன்பது நாளை உண்டாக்கியது வீட்டில் இருந்த பயம். கூடாது என்று சொன்ன வீடுகளிலும் பிள்ளைகள் குத்தத்தான் செய்கிறார்கள், கூட்டாளியின் அறையில், மலிவு மையில், கையுறை இல்லாமல். கதைக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை ஊசி புதிதா, கருவியைக் கிருமி நீக்கினார்களா என்று கேட்கத் தெரிந்து போகிறது. 2014இல் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணை இந்த நாட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அது பிழை என்று உயர் நீதிமன்றம் 2017இல் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எந்த உருவத்தை எங்கே குத்துவது என்பதில் கூட இங்கே பேச எவ்வளவு இருக்கிறது! முடிவு பிள்ளையுடையது என்று ஒப்புக்கொண்ட தாயிடம்தான் பிள்ளை இதைப் பேசும்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்காக நான் வாதாடவில்லை. அவர்கள் பொறுக்கட்டும். காதலிக்கிற ஆளின் பெயரைக் குத்தாதே என்று என் பிள்ளைகளுக்கு நானும் சொல்வேன். சில வேலைகளில் வெளியே தெரிகிற பச்சையை ஏற்கமாட்டார்கள் என்பதையும் சொல்வேன். சொல்வது என் கடமை. ஆனால் 18 வயதில் வாக்குப் போடுகிற, எங்கள் கையெழுத்து இல்லாமலே கலியாணம் பதியக்கூடிய ஒரு ஆளுக்குத் தன் தோலில் ஒரு கோடு கீற என் கையெழுத்து வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பேன்?

மணி அடித்துவிட்டது. நடுவர் இரண்டு நிமிடம் தர வேண்டும், என் மகனின் கையில் என்ன இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில். 1990இல் விட்டு வந்தோம். 2018இல் இராணுவம் எங்கள் பகுதியை விட்டபோது, 28 வருடத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால், வீடு இல்லை, வேலி இல்லை, பற்றைக்குள் கிணறு மட்டும் கிடந்தது. மகன் அதற்கு முன் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அந்தக் கிணற்றைத்தான் அவன் முன்கையில் குத்தியிருந்தான், அப்பா கதை கதையாய்ச் சொன்ன, தண்ணீர் இறைக்கிற துலாவையும் சேர்த்து.

அப்பாவுக்கு 84 வயது. பேரனின் கையைப் பார்த்தார். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை. "நீளக்கைச் சட்டை போடு" என்றார். அவ்வளவுதான். இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் அண்ணாவின் தழும்புக் கதையை நான் மகனுக்குச் சொன்னேன். அவன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் அப்பாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தான். ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அப்படியே போய் இருந்தான்.

ஒருநாள் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அந்தக் கையைக் கொண்டா" என்றார். விளக்குக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். விரலால் கிணற்றுக்கட்டைச் சுற்றித் தடவினார்.

"துலா கிழக்காலை நிண்டது. நீ மேற்காலை கீறிப்போட்டாய்" என்றார். "ஒரு கடதாசியும் பென்சிலும் எடு, நான் கீறிக் காட்டுறன்."