வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்பது

நேயர்களே, வணக்கம். "அந்தக் கோட்டில எனக்கு நியாயம் கிடைக்காது, வழக்கை மாத்தித் தாங்கோ" என்று சட்டத்தரணியிடம் வருவோர் பலர். மாற்ற வழி உண்டு. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, அந்த அதிகாரத்தைக் கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது.

எந்தக் காரணத்துக்கு மாற்றுவார்கள்? அந்த இடத்திலே பக்கச்சார்பற்ற விளக்கம் (வழக்கு விசாரணை) நடக்காது என்று தெரிந்தால், வழமைக்கு மீறிய கடினமான சட்டக் கேள்வி எழக்கூடுமென்றால், அல்லது வேறு காரணத்தால் மாற்றுவது உசிதம் என்று பட்டால். குடியியல் வழக்குகளில் பெரும்பாலும் வருவது முதலாவதுதான். தோற்றுப்போவதும் அங்கேதான்.

மனு நகர்த்தல் பத்திரமாக, அதாவது இன்ன கட்டளை வேண்டும் என்று மன்றைக் கேட்கும் எழுத்தாக (motion), போகவேண்டும். அதற்கு ஆதாரமாகச் சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம் (affidavit), வேண்டும். "நீதிபதி எதிராளியின் பக்கம், ஊரெல்லாம் கதைக்கிறார்கள்" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. சத்தியக்கடதாசி கொடுப்பவர் தான் கண்டதையும் அறிந்ததையும் சொல்லவேண்டும். இன்ன திகதித் தவணையில் இன்ன விண்ணப்பம் செய்தோம், இன்ன கட்டளை பிறந்தது, அது வழக்கேட்டில் இப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று திகதி திகதியாக எழுதுங்கள். அந்த வழக்கேட்டுப் பக்கங்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளையும் இணையுங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகளின்படி முக்கிய ஆவணங்கள் இல்லாத விண்ணப்பம், காரணமும் சொல்லப்படாவிட்டால், தள்ளுபடியாகலாம். பிரதி எடுக்க நாள் பிடிக்கும். ஆகவே முதல் வேலையாக, வழக்கு நடக்கும் நீதிமன்றின் பதிவாளரிடம் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒரு கட்டளை நமக்குப் பாதகமாக வந்துவிட்டது என்பது மட்டும் பக்கச்சார்பு ஆகாது. கட்டளை பிழையென்றால் அதற்கு மேன்முறையீடும் மீளாய்வும் இருக்கின்றன. வழக்கை மாற்றக் கேட்பதையும் கட்டளைக்கு எதிராக மேலே போவதையும் குழப்பிக்கொண்டு பணத்தையும் காலத்தையும் இழக்கிறவர்களைப் பார்த்தால் மனம் நோகிறது. நீதிபதி அந்த வழக்கில் தாமே தரப்பினராகவோ தனிப்பட்ட அக்கறை உள்ளவராகவோ இருந்தால் கதை வேறு. இரு தரப்பும் சம்மதித்தாலொழிய, அதே நீதித்துறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி அவர் அந்த வழக்கை விசாரிக்க முடியாது. அதை முதலில் அந்த நீதிமன்றிலேயே மரியாதையாக எடுத்துச் சொல்லவேண்டும்.

காணி வழக்கென்றால் இன்னும் யோசியுங்கள். சாவகச்சேரிக் காணிக்குச் சாவகச்சேரியில் வழக்கு வைப்பது சும்மா இல்லை. நில அளவையாளரும், எல்லையைத் தெரிந்த வயதான சாட்சிகளும் அங்கேதான் இருக்கிறார்கள். வழக்கு வவுனியாவுக்குப் போனால் அந்த முதியவர்களை ஒவ்வொரு தவணைக்கும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகப்போவது நீங்கள்தான். எதிர்த்தரப்பும் இதையே மன்றில் சொல்லும். அதற்கான பதில் உங்கள் சத்தியக்கடதாசியில் முன்கூட்டியே இருக்கட்டும்.

மனுப் போட்டவுடன் கீழே வழக்கு நின்றுவிடும் என்று நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். இடைக்காலத் தடைக் கட்டளையைத் தனியாகக் கேட்டுப் பெறவேண்டும். அது கிடைக்கும்வரை ஒவ்வொரு தவணைக்கும் போங்கள். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே விளக்கம் முடிந்துவிடக்கூடும். மாற்றக் கட்டளை செலவுத்தொகை நிபந்தனையோடும் வரலாம். அந்தப் பணத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டே மனுவில் கையெழுத்திடுங்கள்.