சோவாவே: எந்த பாட்டில், எந்தச் சாப்பாடு?

[காட்சி: மலைமேல் கோட்டை, மதில் இறங்கி ஊரைச் சுத்தி வருது. திரையின் கீழே: மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு]

இத்தாலியில வெரோனாவுக்குக் கிழக்கே இருக்கிற சின்ன ஊர் சோவாவே. இந்த ஊர் பேர்ல வர்ற வெள்ளை ஒயினுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும்? அதுக்கு முன்னாடி, எந்த பாட்டிலை எடுக்கணும்னு தெரியணும். சோவாவேன்னு எழுதியிருக்கிறது எல்லாம் ஒரே தரம் இல்ல.

[காட்சி: பந்தல் போட்ட திராட்சைத் தோட்டம்]

திராட்சையோட பேர் கார்கானேகா. சட்டப்படி குறைஞ்சது 70 சதவீதம் இதுதான் இருக்கணும். கொடி வீரியமானது, விட்டா கொத்துக் கொத்தா காய்ச்சுத் தள்ளும். சிக்கலே அதுதான். 1927-ல வரையறுத்த பழைய பகுதி மலைச்சரிவு. 1968-ல டி.ஓ.சி. அங்கீகாரம், அதாவது எந்தப் பகுதியில எப்படி ஒயின் செய்யணும்னு வரையறுக்கிற இத்தாலிய அரசு முத்திரை, வந்தப்போ எல்லையைச் சமவெளி வரைக்கும் நீட்டிட்டாங்க. வண்டல் மண்ணுல விளைச்சல் அள்ளுச்சு, ருசி நீர்த்துப் போச்சு. சோவாவே பேர் கெட்டது இப்படித்தான்.

அதனால லேபிள்ல 'கிளாசிகோ'ங்கிற சொல்லைத் தேடுங்க. பழைய சரிவுகள்ல விளைஞ்சதுன்னு அர்த்தம். அங்க எரிமலைப் பாறை மண்ணும் சுண்ணாம்பு மண்ணும் இருக்கு. இங்க ஒயின் தயாரிக்கிற பியெரோபான் குடும்பம் 1971-லயே கல்வாரினோங்கிற ஒரே தோட்டத்துப் பேரை லேபிள்ல போட்டுச்சு. மலைச்சரிவோட மானத்தைக் காப்பாத்தினது இவங்களை மாதிரி ஆட்கள்தான்.

[காட்சி: கிளாஸ், கிட்டத்துல]

மூக்குக்கு எலுமிச்சைத் தோல், வெள்ளை பீச், சீமைச்சாமந்தி. முழுங்கின பிறகு நாக்கோட ஓரத்துல லேசா ஒரு பாதாம் கசப்பு நிக்கும். சாப்பாட்டு மேசையில இந்த ஒயினோட பலமே அந்தக் கசப்புதான். எண்ணெய், பால், சீஸ்னு வாயில படியற கொழுப்பை அது வெட்டிவிடும்.

[காட்சி: மண்சட்டியில் பக்கலா]

அதுக்குச் சரியான சாட்சி, பக்கத்து விச்சென்ஸாவோட 'பக்கலா'. உப்பே போடாம குளிர்காத்துல காயவைச்ச நார்வே காட் மீன். 1431-ல கப்பல்ல கிளம்பின வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினி, கப்பல் மூழ்கி நார்வேயோட லொஃபோதென் தீவுகள்ல ஒதுங்கினார். இந்த மீனை ஊருக்குக் கொண்டுவந்தது அவர்தான்னு அங்க சொல்வாங்க. கருவாட்டை ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறவைச்சு, வெங்காயம், நெத்திலி, பால், துருவின சீஸ், நிறைய ஆலிவ் எண்ணெய் சேர்த்து, சிறு தீயில நாலு மணி நேரத்துக்கு மேல விடுவாங்க. கரண்டியே போடக் கூடாது, சட்டியை மட்டும் அப்பப்போ ஆட்டணும். தொட்டுக்க பொலெந்தா, அதாவது மக்காச்சோளக் களி. இவ்வளவு பாலும் எண்ணெயும் சேர்ந்தது ரெண்டு வாய்லயே திகட்டிடும். நடுவுல ஒரு மடக்கு சோவாவே போனா, மூணாவது வாய் முதல் வாய் மாதிரி இருக்கும்.

வசந்த காலத்துல பஸ்ஸானோ ஊர் வெள்ளை அஸ்பாரகஸும் (ஒரு தண்டுக் காய்கறி) வேகவைச்ச முட்டையும். அஸ்பாரகஸ் பல ஒயின்களோட ருசியைக் கெடுக்கும். மரப்பீப்பாயில வைக்காத, மர வாசனை ஏறாத சோவாவே தாக்குப்பிடிக்கும். பச்சைப் பட்டாணியும் அரிசியும் சேர்ந்த 'ரிசி எ பிசி', கார்தா ஏரி மீன், இதெல்லாம் யோசிக்காம வைக்கலாம். மாட்டிறைச்சி ஸ்டேக்குக்கு இது வேண்டாம், ஒயின் அடங்கிப் போயிடும்.

[காட்சி: பாட்டில் மேல் நீர்த்துளி]

கடைசியா ஒண்ணு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே ஊத்தாதீங்க. 10 டிகிரிக்கு வரட்டும். ரொம்பச் சில்லுன்னு இருந்தா அந்தப் பாதாம் ருசி தெரியவே தெரியாது.