இரண்டு கடிதமும் ஒரு வீட்டு வாசலும்

நேயர்களுக்கு வணக்கம். பதினாறு வருடமாக அமெரிக்காவில் பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். வீடு வட கரோலினாவில், ராலே பக்கத்திலுள்ள கேரியில். வேலை நியூயார்க்கில். நீங்கள் காரில் ஆபீஸ் போவதுபோல நான் விமானம் ஏறி வேலைக்குப் போகிறேன். எங்கள் தொழிலில் இதைத்தான் கமியூட் என்பார்கள்.

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். அவரும் விமானி, ராலேக்காரர், வயது 33, மனைவிக்கு அங்கேயே வேலை. "அண்ணா, இரண்டு பெரிய விமானக் கம்பெனியிலிருந்தும் வேலைக் கடிதம் வந்துவிட்டது. எதில் சேரட்டும்? ஒன்றில் சம்பளம் கொஞ்சம் கூட" என்றார்.

சம்பளத்தை ஓரமாக வையுங்கள் என்றேன். டெல்டா, அமெரிக்கன், யுனைட்டெட் மூன்றுமே 2023இல் விமானிகளோடு புது ஒப்பந்தம் போட்டன. ஒன்று ஏற்றினால் மற்றதும் ஏற்றும். "உங்கள் வீட்டு வாசலிலிருந்து பேஸுக்குக் காரில் போக முடியுமா? அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்" என்றேன்.

பேஸ் என்பது நம் ட்ரிப் தொடங்கி முடியும் ஊர். அந்த ஊருக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவது நம் பொறுப்பு. போகிற வழியில் காலியாக இருக்கும் சீட்டிலோ, காக்பிட்டில் இருக்கும் ஜம்ப்சீட்டிலோ உட்கார்ந்து போகலாம். காலி இருந்தால்தான். ஒரே ஜம்ப்சீட்டுக்கு இரண்டு பேர் வந்து நின்றால், அந்த விமானக் கம்பெனியின் சொந்த ஆளுக்குத்தான் முதலிடம். நாம் கேட்டிலேயே நின்று, கதவு சாத்துவதைப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். அதனால் எப்போதும் ஒரு விமானம் முன்கூட்டியே கிளம்புவோம். காலை ட்ரிப் என்றால் முந்தின நாளே.

அந்த முந்தின நாள் இரவை எங்கே கழிப்பது? நியூயார்க்கின் குவீன்ஸில் கியூ கார்டன்ஸ் என்று ஒரு பகுதி. ஜேஎஃப்கே, லகார்டியா இரண்டு ஏர்போர்ட்டுக்கும் பக்கம். விமான ஊழியர்கள் அவ்வளவு பேர் அங்கே தங்குவதால் அதை 'க்ரூ கார்டன்ஸ்' என்றே சொல்வார்கள். அங்கே ஒரு கிராஷ் பேடில் ஆறு வருடம் இருந்தேன். ஓர் அறையில் மூன்று அடுக்குக் கட்டில், ஆறு படுக்கை. எந்தப் படுக்கையும் யாருக்கும் சொந்தமில்லை. காலியாக இருப்பதில் நம் விரிப்பைப் போட்டுப் படுக்கலாம். விடியற்காலை மூன்றரைக்கு ஒருவர் கிளம்புவார், விளக்குப் போட மாட்டார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் பேர் எழுதிய டேப். என் டப்பாவில் வீட்டில் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் இருக்கும். இரண்டாம் நாள் அதைத் திறக்கும்போது மகளிடமிருந்து போன் வரும், "அப்பா, நீங்க இன்னிக்கு பறக்கறீங்களா?" என்று. இல்லை, நாளைக்குத்தான். அந்த ஒரு நாள் எனக்குச் சம்பளமும் கிடையாது, வீடும் கிடையாது. மாதம் நான்கு ட்ரிப். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இரவு, பின்னால் ஓர் இரவு போனால் எட்டு இரவு. அதைத்தான் தம்பியிடம் கணக்குப் போடச் சொன்னேன்.

அதுவும் புதிதாகச் சேருகிறவர் ரிசர்வில் இருப்பார். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டும் என்கிற நிலை. அதில் ஷார்ட் கால், அதாவது கூப்பிட்டதும் குறைந்த நேரத்தில் வந்து சேர வேண்டிய முறை என்றால், பேஸ் ஊரிலேயே காத்திருக்க வேண்டும். காரில் போகிற தூரத்தில் வீடு இருந்தால் அந்த நேரம் வீட்டில் கழியும். இல்லையென்றால் கிராஷ் பேடில்.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். கேப்டன் விமானத்தைத் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்றது அறிக்கை. ஆனால் துணை விமானி முந்தின இரவு சியாட்டிலில் கிளம்பி, மெம்பிஸ் வழியாக வேலைக்காக நுவார்க் வந்தவர் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அதற்குப் பிறகு, 2014 ஜனவரியிலிருந்து, பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்கு வருகிற நேரம் பணியில் சேராது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். அமெரிக்கனுக்கு ஷார்லட்டில் பேஸ் இருக்கிறது. ராலேயிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். ஆனால் சேர்ந்த அன்றே ஷார்லட் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. எல்லாம் சீனியாரிட்டிதான், அதாவது கம்பெனியில் சேர்ந்த வரிசை. பேஸ், ட்ரிப், லீவு, கேப்டன் ஆவது, எல்லாமே பட்டியலில் நம் எண்ணைப் பொறுத்தது. நியூயார்க்கில் பல பேர் இருக்க விரும்புவதில்லை, அதனால் புதியவர்களுக்கு அதுதான் முதலில் வரும். "ஷார்லட்டில் இப்போது கடைசியாக இருப்பவர் எப்போது சேர்ந்தவர்? அதை விசாரியுங்கள்" என்றேன். பட்டியலில் உள்ள நம் எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. இருபது வருடம் இருந்தவரும் மாறினால் கடைசி ஆள். 65 வயதில் ஓய்வு. தம்பிக்கு இன்னும் 32 வருடம். கையெழுத்து ஒருமுறைதான்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பேஸே மூடிப்போகிற கதையைச் சொல்ல நினைத்தேன். 2005இல் டெல்டா டல்லாஸ் மையத்தை மூடியது, பிறகு மெம்பிஸ். சரக்கு விமானம் பற்றியும் சொல்லவில்லை. சில சரக்குக் கம்பெனிகள் வீட்டருகே உள்ள ஏர்போர்ட்டிலிருந்தே டிக்கெட் எடுத்துக் கொடுக்கின்றன, அதையும் கேட்டுப் பாருங்கள். கடைசியாக ஒன்று: இரண்டு கடிதமும் சமமாகத் தோன்றினால், எந்தக் கம்பெனியின் பயிற்சி வகுப்பு முதலில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு மாதம் முந்தினாலும் பட்டியலில் அத்தனை பேருக்கு முன்னால் நிற்பீர்கள். தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு ஷார்லட் வரை காரில் போய்ப் பார்க்கிறேன் என்றார். வணக்கம்.