புல்தரை மஞ்சளாகிறதா? யூரியா வாங்கும் முன் குனிந்து பாருங்கள்

[காட்சி: வீட்டு முன்புறம், சின்னப் புல்தரை. அங்கங்கே மஞ்சள் திட்டு.]

வணக்கம். இது கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு வாசல். 200 சதுர அடி கொரியன் புல். போன வருடம் இது மஞ்சளானதும் நான் செய்த முதல் வேலை, யூரியாவைக் கையில் அள்ளி வீசியது. அதுவும் பகல் பன்னிரண்டு மணிக்கு. நாலே நாளில், கை போன வழியெல்லாம் கோடு கோடாகக் கருகிவிட்டது. பார்த்தவர்கள் ஏதோ கோலம் என்று நினைத்திருப்பார்கள்.

சரி, தப்பு எங்கே?

[காட்சி: இரண்டு புல் இதழ்கள், மிக அருகில்.]

இடது பக்கத்தில் இருப்பது அடியிலிருந்து எடுத்த பழைய இதழ். இது முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை, அதாவது நைட்ரஜன். வலது பக்கம் இருப்பது நுனியில் புதிதாக வந்த இதழ். நரம்புகள் பச்சையாக இருக்க, அவற்றுக்கு இடையில் மட்டும் மஞ்சள் வரி ஓடினால் அது இரும்புச்சத்துக் குறை. என் புல்லில் இருந்தது இரண்டாவது. அதற்கு யூரியா போட்டு என்ன பயன்?

மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கிறது, ஆனால் வேருக்குக் கிடைக்கவில்லை.

[காட்சி: காய்ந்த மண் ஒரு ஸ்பூன், மேலே வெள்ளை வினிகர். நுரை.]

சத்தம் கேட்கிறதா? இப்படிப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கரிசலில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, நிறைய. சுண்ணாம்பு மண் காரத்தன்மை கொண்டது, அது இரும்பைப் பூட்டி வைத்துவிடும்.

வெளிநாட்டு வீடியோக்களில் 'புல்தரைக்குச் சுண்ணாம்பு தூவுங்கள்' என்பார்கள். அது அவர்களுடைய புளித்த, அதாவது அமிலத்தன்மை கொண்ட மண்ணுக்கு. ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கும் பொருந்தலாம். இங்கே தூவினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதற்கு மருந்து அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம். சாயங்காலம் இதழ் நனையத் தெளியுங்கள். மண்ணில் போட்டால் மறுபடியும் பூட்டிக்கொள்ளும். டைல்ஸ் மேல் பட்டால் துருக்கறை போகவே போகாது, அது என் அனுபவம்.

அப்புறம் ஜிப்சம். போர்த் தண்ணீரில் சோடியம் உப்பு ஏறி, மண் இறுகி, தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் இதற்கு வேலை. அதுவும், கரைந்து வரும் உப்பு வடிய வழி இருந்தால்தான். 'எல்லா மண்ணுக்கும் நல்லது' என்று கடையில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழம் தோண்டி, மண்ணைக் கலந்து, அரைக் கிலோ எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

[காட்சி: உர மூட்டை, மூன்று எண்கள்.]

இப்போது உரம். மூட்டையில் உள்ள எண்கள் வரிசையாகத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்துகளின் சதவீதம். யூரியா 46:0:0. டிஏபி என்ற உரம் 18:46:0, வளர்ந்த புல்லுக்கு அவ்வளவு மணிச்சத்து தேவையில்லை. கொரியன் புல் மெதுவாக வளர்வது, தீனி கொஞ்சம் போதும். 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியா, அதாவது 23 கிராம் தழைச்சத்து. சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு படி சலித்த மணலோடு கலந்து, புல் காய்ந்திருக்கும்போது பாதியைக் குறுக்கிலும் பாதியை நெடுக்கிலும் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். மேலேயே கிடந்தால் அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

ரசாயனம் வேண்டாம் என்றால் சலித்த மண்புழு உரம், மெல்லிய போர்வையாக. புல் நுனி வெளியே தெரிய வேண்டும். பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், மாடு தின்ற களை விதை எல்லாம் முளைத்துவிடும். எனக்கு வந்த செம்மண் லோடில் கோரைக்கிழங்கு வந்தது, இன்றும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

[காட்சி: புல் வெட்டும் இயந்திரம், கீழே சிதறும் துண்டுகள்.]

வெட்டிய துண்டுகளைக் கூட்டி அள்ளாதீர்கள். வாரம் ஒருமுறை வெட்டினால் துண்டு பொடிசாக இருக்கும், உள்ளே விழுந்து மக்கித் தழைச்சத்தைத் திருப்பித் தரும். 'குப்பையா கிடக்கு' என்று அம்மா விளக்குமாற்றோடு வருவார். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.