வியாபாரம் பேசக்கூடாத வானொலி

(காரைக்குடியில் ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள், ஒரு பழைய வீட்டில் கூடி, பொதுமக்கள் பார்க்க வான்வழித் தொடர்பு நடத்திய நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்.)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், உட்கார இடம் இல்லாமல் முகப்புத் திண்ணையில் நிற்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காலையிலிருந்து எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கையில் செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று. ஒரு அண்ணன் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்: "தம்பி, இதில் என்ன வரும்படி?" செட்டிநாட்டில் இதைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

வரும்படி கிடையாது அண்ணே. வரவே கூடாது என்பதுதான் சட்டம். ஹாம் வானொலிக்கென்று நம் நாட்டில் 1978-இல் விதிகள் வந்தன. இதில் வியாபாரம் பேசக்கூடாது. பேசுவதற்குக் காசு வாங்கக்கூடாது. பாட்டுப் போட்டு ஒலிபரப்பு நடத்தக்கூடாது. அடுத்தவருக்குப் புரியாத சங்கேத மொழியில் பேசக்கூடாது. யாரிடம், எப்போது, எந்த அலைவரிசையில் பேசினோம் என்று லாக் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். பேரேடு எழுதிப் பழகிய ஊர் என்பதால் இந்தக் கடைசி விஷயம் மட்டும் உங்களுக்குப் பிடிக்கும்.

இந்த ஊர்ப் பெரியவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டு விற்கப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். கடிதம் கப்பலில் வரும். அவசரம் என்றால் தந்தி. அந்தத் தந்தியிலும் சங்கேத வார்த்தைகள் வைத்துக்கொள்வது அன்றைய வியாபாரத்தில் சாதாரணம். விலை ஏறப் போவது முந்தித் தெரிந்தவருக்கு லாபம், அதனால் செய்தியை மூடித்தான் அனுப்ப வேண்டும். நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். நான் பேசுவதைக் கருவி வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். ரகசியம் பேச ஆசை என்றால் வாட்ஸப்பே போதும்.

அப்படியானால் என்னதான் பேசுகிறீர்கள் என்பீர்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை! என் கால்சைன் (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளப் பெயர்) இது, ஊர் இது, உங்கள் குரல் எப்படி வருகிறது, அங்கே மழை உண்டா, ஆண்டெனா என்ன கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். முடிக்கும்போது "செவன்ட்டி த்ரீ" என்போம், வணக்கம் சொல்வது மாதிரி. குரல் தெளிவாக, பலமாக வந்தால் "ஃபைவ் நைன்" என்று மதிப்பெண் கொடுப்போம். யார் அதிகம் பேரோடு பேசுவது என்று போட்டி வைக்கும் நாட்களில் இந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். "ஃபைவ் நைன், ஃபைவ் நைன்... உங்கள் கால்சைன் விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள்" என்பார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்கிற பதில்தான் அது.

இந்த ஒன்றுமில்லாத பேச்சுக்கு ஒரு பலன் இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் எந்த ஊர் கேட்கும் என்பது பேசிப் பேசித்தான் பழகும். செல்போனுக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், அது போனால் டீசல் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து புதுக்கோட்டை வழியாக இந்தச் சீமைக்குள் வந்தபோது என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கருவிக்கு ஒரு கார் பேட்டரியும் ஒரு நீளக் கம்பியும் போதும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், வியூ2ஆர்பிஐ என்பது அவருடைய கால்சைன், அந்தமானிலிருந்து பேசுவதற்காகக் குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். அங்கிருந்து ஹாம் வானொலி இயக்கப் பல வருடங்களாக அனுமதி இல்லாமல் இருந்தது. அதனால் உலகம் முழுக்க ஹாம்கள் அந்தத் தீவோடு ஒரு முறையாவது பேசிவிட வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். போனது பொழுதுபோக்குக்குத்தான். 26-ஆம் தேதி பூகம்பமும் சுனாமியும் வந்தன. அதே கருவிகள்தான் பிறகு தீவுக்கும் இந்தியக் கரைக்கும் நடுவே சேதி கொண்டுபோயின. யார் உயிரோடு இருக்கிறார், என்ன மருந்து வேண்டும் என்று. அவர் விளையாட்டாகப் போகாமல் இருந்திருந்தால் அன்று அங்கே அந்தக் கருவியே இருந்திருக்காது. பயிற்சி, ஒத்திகை என்று அதிகாரபூர்வமாக நடப்பவற்றைவிட இப்படி ஆசைக்காகக் கூடுவதுதான் நிலைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, மாடிக்கு வருவோம். மேலே குறுக்கே ஓடுகிற கம்பிதான் எங்கள் ஆண்டெனா, அதன் பெயர் டைபோல். 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சுமார் 20 மீட்டர் நீளம் இருக்க வேண்டும், நடுவில் கேபிள், இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் ஹாம்கள் இதற்குப் படும் பாடு சொல்லி மாளாது. இங்கே முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். கம்பியைக் கட்டிய பிறகும் வீடு மிச்சம் இருக்கிறது. இந்த அலைக்கு நம் மாடியின் உயரம் போதாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், தூர தேசத்துக்குப் போதாது. ஆனால் தாழக் கட்டிய கம்பி அலையை நேரே மேலே அனுப்பும். வானத்தில் உயரே அலையைத் திருப்பி அனுப்பும் அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு அது அக்கம்பக்கத்து மாவட்டங்களிலேயே இறங்கும். புயல் நேரத்தில் நமக்கு வேண்டியது மதுரையும் நாகப்பட்டினமும்தானே? பகலில் பினாங்கும் சிங்கப்பூரும் வேண்டும் என்றால் 14 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். அந்தக் கம்பி இதில் பாதிதான்.

இன்னொரு வேடிக்கை. ஹாம்கள் உலகத்தையே கட்டங்களாகப் பிரித்து, எத்தனை கட்டத்தோடு பேசினோம் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒரு கட்டம் தெற்கு வடக்காக ஒரு பாகை. நம் காரைக்குடி எம்கே90 என்ற கட்டத்தில் இருக்கிறது. தேவகோட்டை எம்ஜே99. வடக்கு 10 பாகைக் கோடு இரண்டு ஊருக்கும் நடுவில் போகிறது. ரஸ்தாவில் பேருந்து ஏறினால் வந்துவிடுகிற ஊர், எங்கள் கணக்கில் வேறு கட்டம். கட்டம் சேர்க்கிற வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு ஊரும் தனித்தனியாக வேண்டும். அடுத்த முறை தேவகோட்டையில் யாராவது மாடி கொடுத்தால் அங்கேயும் கம்பி கட்டுவோம்.

கருவியை இயக்குகிறவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதால், மைக்கைப் பிடுங்க வேண்டாம் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். சும்மா கேட்பதென்றால், உரிமம் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். ஹெட்போன் நிறைய வைத்திருக்கிறோம். நீங்களே பேச வேண்டும் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதலாம். 12 வயது நிரம்பினால் போதும், மேல் வயதுக்கு வரம்பு இல்லை. கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் விதிகள். முதல் நிலை உரிமத்துக்கு மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் தந்தி எழுத்து, தேவையில்லை. அதில் 50 வாட் வரை அனுப்பலாம். மோர்ஸும் கற்று மேல் நிலைக்குப் போனால் 400 வாட். படிக்க வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்க நானும் இங்கே இருக்கும் நண்பர்களும் தயார். வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது, பெயர் எழுதிவிட்டுப் போங்கள். ஆச்சிமார்களும் எழுதலாம்.

அப்புறம் ஒரு உதவி. பக்கத்து வீடுகளில் மட்டமான எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எது ஓடினாலும் எங்கள் காதில் ஒரே இரைச்சலாக விழுகிறது. சாயங்காலம் ஆறு மணிவரை தேவையில்லாததை அணைத்து வையுங்கள். எந்த வீடு என்று கண்டுபிடிக்க எங்களிடம் கருவி இருக்கிறது, கதவைத் தட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.