இதயத்தை எடை போட்ட தராசு

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய எகிப்து என்றதும் பிரமிடும் மம்மியும் தங்க முகமூடியும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். நான் இன்று பேச வந்திருப்பது ஒரு தராசைப் பற்றி. எடையளவு முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடை கடையாகப் போய்த் தராசு முள்ளையும் படிக்கல்லையும் லிட்டர் அளவையும் சோதிப்பதுதான் என் உத்தியோகம். எகிப்தியரின் மறுமைத் தீர்ப்புப் படத்தை ஒரு புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, சுற்றி நின்ற கடவுளரை எல்லாம் தாண்டி என் கண் நேராகத் தராசுக்குத்தான் போனது. அன்று பற்றிய ஈடுபாடு இன்னும் விடவில்லை.

அந்தப் படத்தை வார்த்தையாலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

அனி என்று ஒருவர். கி.மு. 1250 வாக்கில் வாழ்ந்த எழுத்தர். கோயில்களுக்கு வரும் படையல்களுக்குக் கணக்கு வைப்பதும் தானியக் களஞ்சியங்களை மேற்பார்ப்பதும் அவர் பொறுப்பு. தானியம் அளக்கும் மரக்காலும் கணக்குச் சுருளுமாக வாழ்ந்த மனிதர். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும். தன் கல்லறையில் வைப்பதற்காக அவர் ஒரு பப்பைரஸ் சுருள், அதாவது கோரைத் தண்டில் செய்த தாள் சுருள், வாங்கினார். நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். 'இறந்தோர் நூல்' என்று இப்போது சொல்கிறோமே, அந்த மந்திரத் தொகுப்பு. 1888-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வாலிஸ் பட்ஜ் என்பவர் எகிப்தின் லக்சோரில் அதை வாங்கி, 37 துண்டாக வெட்டி லண்டனுக்கு அனுப்பினார். இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு நீளச் சுருளை வெட்டியதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தராசு. ஒரு தட்டில் அனியின் இதயம், சின்னக் குடம் போல வரையப்பட்டிருக்கிறது. மறுதட்டில் ஒரே ஒரு இறகு. அந்த இறகு மாஅத். உண்மை, நியாயம், உலகம் சீராக நடப்பது, எல்லாம் சேர்ந்தது மாஅத். அதுவே ஒரு பெண் தெய்வமும் கூட. தராசுக்குக் கீழே குள்ளநரித் தலையுடைய அனுபிஸ் மண்டியிட்டிருக்கிறார். பக்கத்தில் அரிவாள் மூக்கன் பறவையின் தலையோடு தோத், கையில் எழுதுகோல், தீர்ப்பைப் பதிவு செய்யத் தயாராக. அவருக்குப் பின்னால் அம்மித் காத்திருக்கிறது. முதலைத் தலை, முன்பாதி சிங்கம், பின்பாதி நீர்யானை. இதயம் தேறாவிட்டால் அம்மித் அதை விழுங்கிவிடும். அதோடு அந்த ஆள் இல்லாமலே போய்விடுவார். அவர்கள் நடுங்கியது அதற்குத்தான், இரண்டாவது சாவுக்கு. நெருப்பில் வாட்டும் நரகம் அவர்களிடமும் உண்டு, ஆனால் இந்தக் காட்சியில் தண்டனை என்பது அடியோடு அழிந்துபோவது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதயம் இறகைவிட லேசாக இருக்க வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். அனியின் படத்தில் தராசுக் கோல் சமமாக நிற்கிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சரிக்குச் சரி.

அனுபிஸ் ஏன் மண்டியிட்டிருக்கிறார் என்று பாருங்கள். அந்தக் காலத்துத் தராசில் நூலில் கட்டிய ஒரு குண்டு தொங்கும். கொத்தனார் சுவருக்குப் பிடித்துப் பார்க்கும் தூக்குக் குண்டுதான் அது. கோல் உண்மையிலேயே மட்டமாக நிற்கிறதா என்பதை அந்த நூல் காட்டிக் கொடுக்கும். அனுபிஸ் கையை அங்கேதான் வைத்திருக்கிறார். இதயத்தை நிறுப்பதற்கு முன்னால் தராசு சரியாக இருக்கிறதா என்று ஒரு கடவுள் மண்டியிட்டுச் சோதிக்கிறார்! இதே காலத்து ஹூனெஃபர் என்ற இன்னொரு எழுத்தரின் சுருளிலும் அனுபிஸ் இப்படித்தான் குனிந்திருக்கிறார். ஆண்டவன் சந்நிதியில் இருக்கும் தராசுதானே என்று யாரும் சோதிக்காமல் விடவில்லை. என் உத்தியோகத்தை இதைவிட யாரும் கௌரவப்படுத்தியதில்லை.

அப்புறம், எதற்கு இதயம்? எகிப்தியருக்கு நினைவும் அறிவும் மனசாட்சியும் இதயத்தில்தான். உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கு வழியாக எடுத்துப் போட்டுவிடுவார்கள், அதற்கு மதிப்பே இல்லை. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனித்தனி ஜாடிகளில் வைப்பார்கள். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். அது சாட்சி சொல்ல வேண்டுமே.

தராசோடு கூடவே ஒரு வாக்குமூலமும் உண்டு. தொகுப்பில் 125-ஆவது மந்திரம். இறந்தவர் தீர்ப்பு மண்டபத்தில் நின்று, 'இதை நான் செய்யவில்லை, அதை நான் செய்யவில்லை' என்று அடுக்கிக்கொண்டே போவார். அங்கே 42 தெய்வங்கள் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொரு குற்றத்தை மறுக்க வேண்டும். எலும்பை முறிப்பவன், இரத்தம் உண்பவன் என்று பெயர்களே கதிகலங்க வைக்கும்.

என்னென்ன குற்றங்கள்? கொலை, திருட்டு, பொய் எல்லாம் உண்டு. அது எந்த ஊரிலும் இருக்கும். நான் விரும்பிப் படிப்பது மற்றதை. 'தானியம் அளக்கும் அளவைக் குறைக்கவில்லை. அடுத்தவன் வயல் எல்லையைத் தின்னவில்லை. தராசின் எடையைக் கூட்டவில்லை. தூக்குக் குண்டில் கை வைக்கவில்லை.' கேட்டீர்களா? தூக்குக் குண்டு! அனுபிஸ் பிடித்திருக்கும் அதே குண்டு. தொடர்ந்து வருகிறது: 'குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை. ஓடவேண்டிய காலத்தில் தண்ணீரை மறிக்கவில்லை. யாரையும் அழவைக்கவில்லை. ஒட்டுக் கேட்கவில்லை.'

நைல் நதியின் வெள்ளத்தை நம்பி வாழ்ந்த நாடு அது. வாய்க்கால் தண்ணீரை ஒருவன் தன் பக்கம் மறித்துக்கொண்டால் கீழ் வயல்காரன் குடும்பம் பட்டினி. வரி, கூலி எல்லாமே தானியமாகத்தான் அளந்து கொடுத்தார்கள். அளவில் ஒரு விரல் குறைந்தாலும் எங்கோ ஓர் அடுப்பு எரியாது. இந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் மறுமை வாசலில் நிறுத்தி வைத்து களத்துமேட்டுக் கணக்கைக் கேட்கிறார்கள். இப்போது அனியை நினைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளெல்லாம் களஞ்சியத்தில் நின்றவர், அளவைக் குறைக்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறார். அந்த வரி மற்ற யாரையும்விட அவருக்குக் கனமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், ஆனால் சொல்லாமல் போக மாட்டேன். இது பிற்காலத்துக் கதை, ரோமர்கள் எகிப்தை ஆண்ட காலத்துப் பப்பைரஸில் கிடைத்தது. கதாநாயகன் செத்னே, ராம்சேஸ் மன்னரின் மகன். அவருக்கு ஒரு சிறுபிள்ளை, பெயர் சி ஒசிரே, வயசுக்கு மீறிய ஞானம். ஒருநாள் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டுச் செத்னே எட்டிப் பார்க்கிறார். ஒரு பணக்காரரின் சவ ஊர்வலம். ஒப்பாரி, சீர்வரிசை, பெருங்கூட்டம். சற்று நேரத்தில் ஓர் ஏழையின் பிணம் போகிறது. பாயில் சுருட்டியிருக்கிறார்கள். பின்னால் நடக்க ஒரு ஆள் இல்லை. 'போன இடத்திலும் அந்தப் பணக்காரன்தானே நன்றாக இருப்பான்' என்கிறார் அப்பா. பிள்ளை உடனே, 'அந்த ஏழைக்கு நடப்பதே உங்களுக்கும் நடக்கட்டும்' என்கிறான். பெற்ற பிள்ளை இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வருத்தம் வராது?

பிள்ளை அப்பாவைக் கையோடு மறுமை உலகத்துக்குக் கூட்டிப் போகிறான். மண்டபம் மண்டபமாகக் கடக்கிறார்கள். ஓரிடத்தில் சிலர் ஓயாமல் கயிறு திரிக்கிறார்கள், திரிக்கத் திரிக்கக் கழுதைகள் அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. இன்னொரு இடத்தில் சிலருக்குத் தலைக்கு மேலே சோறும் தண்ணீரும் தொங்குகிறது. எட்டி எடுக்கப் போனால் காலடியில் குழி பறிக்கிறார்கள். அடுத்த மண்டப வாசலில் ஒருவன் கதறுகிறான். பெரிய கதவின் அடிமுளை அவன் வலது கண்ணில் பொருத்தப்பட்டிருக்கிறது. அவன்தான் ஊர்வலமாகப் போன பணக்காரன். உள்ளே மறுமை உலகின் அரசனான ஒசைரிஸ் பொற்சிம்மாசனத்தில் கொலுவிருக்கிறார், நடுவில் தராசு. அவர் அருகே மெல்லிய பட்டாடை போல் மின்னும் உயர்ந்த சணலாடை உடுத்தி ஒருவர் நிற்கிறார். பாயில் சுருட்டிப் போனவர் அவர். பணக்காரனின் சீர்வரிசை முழுவதும் இவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. 'நான் சொன்னது ஆசீர்வாதம் அப்பா' என்று பிள்ளை விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் கதையில் தராசு நன்மையையும் தீமையையும் எதிரெதிரே நிறுக்கிறது. தீமை கூடினால் அம்மித்துக்கு, நன்மை கூடினால் தேவர்களோடு. இரண்டும் சமமாக இருந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், ஒசைரிஸுக்குப் பணி செய்யும் நல்லவர்களோடு சேர்த்துக்கொள்வார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த வரிசையில்தான் நிற்போம், அவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கிய மனசு எனக்குப் பிடிக்கிறது.

நேரம் ஓடிவிட்டது, கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இரண்டு விஷயத்தை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மம்மியின் மார்பில் வைக்கும் கல் வண்டு. பெரும்பாலும் பச்சைக் கல். அதில் ஒரு மந்திரம் செதுக்கியிருக்கும். 'என் தாயிடமிருந்து நான் பெற்ற இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்து நிற்காதே.' சிலர் இதைத் தீர்ப்பை ஏமாற்றும் தந்திரம் என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது எல்லாவற்றையும் அறிந்த சாட்சி என்று நம்பாதவன் அதனிடம் போய்க் கெஞ்ச மாட்டான்.

இரண்டாவது, தேறியவர்கள் போகும் நாணல் வயல். அங்கே ஐந்து முழ உயரத்துக்கு வாற்கோதுமை விளையும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் உழுது அறுக்க ஆள் வேண்டுமே, அதற்காகச் சின்னப் பொம்மை வேலையாட்களைக் கூடவே வைத்துப் புதைத்தார்கள். வேலைக்குக் கூப்பிட்டால், 'இதோ இருக்கிறேன்' என்று பொம்மை எழுந்து போக வேண்டும். துட்டன்காமன் என்ற மன்னரின் கல்லறையில் மட்டும் அப்படி 413 பொம்மைகள் கிடைத்தன: நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள், அவர்களை மேய்க்க 36 கங்காணிகள், மாதத்துக்கு ஒருவராக மேலும் 12 பேர். கல்லறைத் திருடர்களை விசாரித்த பப்பைரஸ்களைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், அதற்கு இன்று நேரமில்லை. நிலையத்தார் மறுபடி அழைத்தால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நன்றி, வணக்கம்.